ஊராட்சிக்கு 500 ரசீது புத்தகம் எதற்கு?

ஊராட்சி அலுவலகத்தில் வீட்டு வரி கட்டியவர்களுக்கு அந்த ரசீது புத்தகத்தைத் தெரியும். கார்பன் தாளை இடையில் வைத்து, பெயரையும் தொகையையும் எழுதி, முத்திரை குத்தி, ஊராட்சிச் செயலர் கிழித்துக் கொடுக்கும் மெல்லிய தாள். அரசு வாங்கும் பொருள்களில் இதைவிடச் சாதாரணமான ஒன்று இருக்க முடியாது. சாலை, பாலம், பேருந்து, மடிக்கணினி என்று கோடிகள் புரளும் கொள்முதலுக்கு நடுவே இதை யாரும் பொருட்படுத்துவதும் இல்லை. ஆனால், தருமபுரி மாவட்டத்தின் அரசுக் கொள்முதலைப் பற்றி மாநிலமே பேசியது இந்த ரசீது புத்தகத்தால்தான்.

2023 ஜூன் மாதம் லஞ்ச ஒழிப்புத் துறை ஒரு வழக்குப் பதிவு செய்தது. மாவட்டத்தின் 251 கிராம ஊராட்சிகளுக்காக வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம் போன்றவற்றுக்கான 1,25,500 ரசீது புத்தகங்கள் தனியாரிடம் கூடுதல் விலைக்கு வாங்கப்பட்டன, அதில் 1.31 கோடி ரூபாய் முறைகேடு நடந்தது என்பது குற்றச்சாட்டு. 2018 முதல் 2020 வரை மாவட்ட ஆட்சியராக இருந்தவரும் அந்த வழக்கில் சேர்க்கப்பட்டார். குற்றம் நடந்ததா, நடந்திருந்தால் யார் பொறுப்பு என்பதையெல்லாம் நீதிமன்றம் சொல்லட்டும். அதற்கு முன்பே தீர்ப்பெழுத எனக்கு உரிமை இல்லை. வழக்கு எப்படி முடிந்தாலும் மிச்சமிருக்கப்போகும் ஒரு கேள்வியைப் பற்றித்தான் இங்கே பேச விரும்புகிறேன்.

1,25,500-ஐ 251-ஆல் வகுத்துப் பாருங்கள். மிச்சமே இல்லாமல் 500 வருகிறது. சராசரியாக ஓர் ஊராட்சிக்கு 500 ரசீது புத்தகங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தருமபுரி மாவட்டத்தில் 15 லட்சத்துச் சொச்சம் பேர். அவர்களில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் கிராமங்களில் வாழ்கிறார்கள். அப்படியென்றால், ஓர் ஊராட்சிக்குச் சுமார் 5,000 பேர். ஆயிரத்துச் சொச்சம் வீடுகள். ஒரு புத்தகத்தில் 50 ரசீதுகள்தான் இருக்கும் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும், 500 புத்தகங்களில் 25,000 ரசீதுகள். வீட்டுக்கு ஆண்டுக்கு நான்கு ரசீது கிழித்தாலும் ஐந்தாறு ஆண்டுகளுக்கு வரும். இன்றைக்கு ஊராட்சி வரியை இணையத்திலேயே கட்டும் ஏற்பாடும் வந்துவிட்டது.

இந்தக் கணக்கைப் போட நிதித் துறைச் செயலர் வேண்டியதில்லை. ரசீது எழுதும் ஊராட்சிச் செயலர் விரல்விட்டுச் சொல்லிவிடுவார். ஆனால், அவரிடம் கேட்க வேண்டும் என்று எந்த விதியும் வற்புறுத்தவில்லை. பொருளைப் பயன்படுத்தப்போகிறவர், அது வாங்கப்படுவதற்கு முன்பே, “இது தேவையா? இத்தனை தேவையா?” என்று கேட்பதற்கு நம் கொள்முதல் முறையில் இடமில்லை. அந்த இடத்தை உருவாக்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் கோரிக்கை.

சட்டம் காவல் நிற்கும் இடம்

அரசுக் கொள்முதலுக்கென்று தனிச் சட்டம் இயற்றியதில் இந்தியாவுக்கே வழிகாட்டிய மாநிலம் தமிழ்நாடு. 1998-ல் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டம் இயற்றப்பட்டது. 2000-ல் அதற்கான விதிகள் வந்தன. கர்நாடகம் 1999-ல் தனக்கான சட்டத்தை இயற்றியது. தமிழ்நாட்டுச் சட்டப்படி, ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பை மாநில அல்லது மாவட்ட ஒப்பந்தப்புள்ளி இதழில் வெளியிட வேண்டும். 2 கோடி ரூபாய் வரையிலான பணிக்குக் குறைந்தது 15 நாள்களும் அதற்கு மேற்பட்டதற்கு 30 நாள்களும் அவகாசம் தர வேண்டும். எல்லோர் முன்னிலையிலும் உறையைப் பிரிக்க வேண்டும். ஆய்வுக் குழு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பாதிக்கப்பட்ட ஒப்பந்ததாரர் மேல்முறையீடு செய்யலாம். அந்தக் காலத்துக்கு இது பெரிய பாய்ச்சல். இப்போது உறைகள் போய், இணையவழி டெண்டர் வந்துவிட்டது.

இந்தச் சட்டத்தின் கண் படுவது டெண்டர் அறிவிப்பில் தொடங்கி, ஒப்பந்தம் கையெழுத்தாகும்வரை. அதற்கு முன்னால் ஒரு காலம் இருக்கிறது. என்ன வாங்குவது, எத்தனை வாங்குவது, எந்தத் தரத்தில் வாங்குவது என்று ஓர் அறைக்குள் முடிவாகும் காலம். அதற்குப் பின்னாலும் ஒரு காலம் இருக்கிறது. பொருள் வந்து இறங்கியதா, சொன்ன தரத்தில் இருக்கிறதா, அதற்குள் பில் பாஸாகிவிட்டதா என்ற காலம். தேவையே இல்லாத பொருளைக்கூட அறிவிப்பு, அவகாசம், குறைந்த விலை என எல்லா விதிகளையும் கடைப்பிடித்து வாங்கிவிட முடியும். ஒரு நிறுவனத்தின் பொருளுக்கு மட்டுமே பொருந்தும்படி அளவையும் வடிவத்தையும் முதலிலேயே எழுதிவைத்துவிட்டால், போட்டி பெயருக்குத்தான் நடக்கும். இதைத் தடுக்கும் கண் டெண்டர் ஆய்வுக் குழுவுக்கு இல்லை. அந்தக் குழுவில் இருப்பவர்களும் அதிகாரிகளே.

தணிக்கை இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். உள்ளாட்சி நிதித் தணிக்கை, கணக்குத் தணிக்கை, லஞ்ச ஒழிப்புத் துறை எல்லாமே இருக்கின்றன. ஆனால், அவை எல்லாமே பணம் போன பிறகு வருபவை. வெள்ளம் வருமுன் அணை கோலச் சொன்னார்கள் நம் முன்னோர். ரசீது புத்தக வழக்கில் சொல்லப்படும் 1.31 கோடியை 251 ஊராட்சிகளுக்குப் பகிர்ந்தால், ஓர் ஊராட்சிக்கு 52,000 ரூபாய் வருகிறது. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு கலந்த இந்த மாவட்டத்தில், ஒரு சிற்றூரின் குடிநீர் மோட்டார் பழுதாகி நிற்கும்போது, அந்த 52,000 எவ்வளவு பெரிய தொகை என்பது குடம் தூக்கும் பெண்களுக்குத் தெரியும்.

குழுக்களுக்குக் குறைவில்லை

தமிழ்நாட்டில் குழுக்களுக்குப் பஞ்சமே கிடையாது. ஊராட்சிச் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு கிராம ஊராட்சியிலும் நியமனக் குழு, வளர்ச்சிக் குழு, வேளாண்மை மற்றும் நீர்வள மேலாண்மைக் குழு, பணிகள் குழு, கல்விக் குழு என ஐந்து குழுக்கள் இருக்க வேண்டும். பள்ளிக்கு மேலாண்மைக் குழு. ரேஷன் கடைக்கு, 2013-ம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி கடை அளவிலிருந்து மாநில அளவுவரை விழிப்புக் குழுக்கள். நூறு நாள் வேலைக்குச் சமூகத் தணிக்கை. மத்திய அரசுத் திட்டங்களைக் கண்காணிக்க நாடாளுமன்ற உறுப்பினர் தலைமையில் மாவட்ட வளர்ச்சி ஒருங்கிணைப்பு மற்றும் கண்காணிப்புக் குழு. இவை எல்லாவற்றுக்கும் மேலாகக் கிராம சபை.

இருந்தும் ரசீது புத்தகத்தைப் பற்றி முன்கூட்டி யாரும் கேட்காததற்குக் காரணங்கள் இருக்கின்றன. இந்தக் குழுக்களில் பலவற்றைத் தீர்மானப் புத்தகத்தில்தான் பார்க்க முடியும். கூட்டம் நடந்தாலும் அன்றைக்குக் காலையில்தான் தாள் கைக்கு வரும். படித்துப் பார்க்கக்கூட நேரமிருக்காது. உறுப்பினர் ஒரு கேள்வி கேட்டால், “பரிசீலிக்கப்படும்” என்று எழுதிவிட்டு அடுத்த பொருளுக்குப் போய்விடலாம். இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, மாவட்ட அளவில் மொத்தமாக வாங்கி ஊராட்சிகளுக்கு அனுப்பிவைக்கும் பொருள், ஊராட்சியின் எந்தக் குழுவின் முன்பும் வருவதில்லை. செலவு ஊராட்சியின் பெயரில். முடிவு மாவட்டத் தலைநகரில். கிராம சபையில் வரவுசெலவு வாசிக்கப்படும்போது அது முடிந்துபோன கதையாக, ஒற்றை வரியாக வந்துபோகும்.

ரசீது புத்தக வழக்கின் காலமும் கவனிக்க வேண்டியது. 2016 அக்டோபரில் உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் முடிந்த பிறகு, 2020 ஜனவரியில் புதியவர்கள் பொறுப்பேற்கும்வரை தருமபுரி ஊராட்சிகளைத் தனி அலுவலர்களே நடத்தினார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரோ வார்டு உறுப்பினரோ இல்லாத மூன்று ஆண்டுகளுக்கும் மேற்பட்ட காலம் அது. வாங்குபவரும் அதிகாரி, ஏற்பவரும் அதிகாரி, பில்லைச் சரிபார்ப்பவரும் அதிகாரி. நேர்மையான அலுவலர்கள் நிறைய இருக்கிறார்கள். ஆனால், கேள்வி கேட்க ஆளில்லாத நாற்காலியில் உட்கார வைப்பது, நேர்மையானவருக்கும் நாம் செய்யும் அநீதிதான். மேலிடத்திலிருந்து வரும் வற்புறுத்தலுக்கு, “குழு எழுத்தில் கேட்டிருக்கிறது, நான் பதில் சொல்லியாக வேண்டும்” என்று சொல்லித் தப்பிக்க அவருக்கும் ஒரு பிடிமானம் வேண்டும்.

நம்மிடமே இருக்கும் முன்மாதிரி

பயன்படுத்துபவரின் குரலுக்குக் கொள்முதலில் இடம் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் தேடிப் போக வேண்டியதில்லை. 1994-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அதைச் செய்து காட்டியது. எந்த மருந்துகளை வாங்குவது என்ற பட்டியலை மருத்துவ வல்லுநர்களின் குழு பரிசீலிக்கிறது. வணிகப் பெயரில் இல்லாமல் மருந்தின் பொதுப் பெயரில் டெண்டர். வந்து இறங்கும் ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் மாதிரி எடுத்து, தயாரித்தவர் பெயரை மறைத்து ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். மருத்துவமனைகளுக்குப் பாஸ்புக் ஒன்று உண்டு. ஒதுக்கிய தொகைக்குள் எந்த மருந்து எவ்வளவு வேண்டும் என்பதை அந்த மருத்துவமனையே முடிவு செய்து, மாவட்டக் கிடங்கிலிருந்து எடுத்துக்கொள்கிறது. மொத்தமாக வாங்குவதால் விலை குறைகிறது. எத்தனை வேண்டும் என்ற முடிவோ நோயாளியைப் பார்ப்பவரிடமே இருக்கிறது. கேரளமும் ராஜஸ்தானும் இந்த வழியைப் பின்பற்றித் தங்களுக்கான கழகங்களை அமைத்தன. தமிழ்நாட்டுக் கழகத்திலும் குறைகள் சுட்டிக்காட்டப்பட்டது உண்டு. ஆனாலும், மருந்துக்குச் செய்ய முடிந்ததை ரசீது புத்தகத்துக்கும் தெருவிளக்குக்கும் பிளீச்சிங் பவுடருக்கும் ஏன் செய்யக் கூடாது?

அண்டை மாநிலம் இன்னொரு பாடம் தருகிறது. கேரளத்தில் 1996-ல் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியபோது, பஞ்சாயத்துகள் தீட்டிய ஆயிரக்கணக்கான திட்டங்களைப் பரிசீலிக்கப் போதிய பொறியாளர்கள் அரசிடம் இல்லை. ஓய்வுபெற்ற பொறியாளர்கள், மருத்துவர்கள், பேராசிரியர்களைத் திரட்டித் தன்னார்வத் தொழில்நுட்பக் குழுக்கள் அமைக்கப்பட்டன. மதிப்பீடு சரியா, அளவு சரியா என்று அவர்கள் பார்த்துச் சொன்னார்கள். அதே கேரளத்தில், பணிகளைச் செய்யப் பயனாளிகள் குழுக்கள் அமைத்தபோது, சில இடங்களில் ஒப்பந்ததாரர்கள் பினாமியாக உள்ளே நுழைந்தார்கள். பணத்தைக் கையாளும் குழுவைச் சுயநலம் தேடி வரும். கருத்து மட்டும் சொல்லும் குழுவுக்கு அந்த ஆபத்து குறைவு. ஆலோசனைக் குழு ஆலோசனைக் குழுவாகவே இருப்பது ஏன் நல்லது என்பதற்கு இது ஒரு விளக்கம்.

பிலிப்பைன்ஸ் நாட்டில் 2003-ல் வந்த கொள்முதல் சட்டம், அரசு ஏலக் குழுக்களின் நடவடிக்கைகளைப் பார்க்க, அரசுத் தணிக்கையாளருடன் வெளியார் இருவரை அழைத்தே ஆக வேண்டும் என்றது. ஒருவர் அந்தத் தொழில் சார்ந்த சங்கத்திலிருந்து, மற்றவர் தொண்டு நிறுவனத்திலிருந்து. அங்கே கண்ட குறை, அழைத்தாலும் பார்வையாளர்கள் வராமல் போவது. பயணப்படியும் பயிற்சியும் இல்லாமல் கடமையை மட்டும் சுமத்தினால் எந்த ஊரிலும் அதுதான் நடக்கும். ராஜஸ்தானில் 1994-ல் கோட் கிரானா கிராமத்தில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பு நடத்திய முதல் பொது விசாரணையில், கூலிப் பட்டியலையும் பில்களையும் ஊர் கூடிய இடத்தில் உரக்கப் படித்தார்கள். படிப்பறிவில்லாதவர்களும் பொய்க் கணக்கை அடையாளம் கண்டார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கான விதை அங்கே விழுந்தது. கணக்கு மக்களுக்குப் புரியாது என்பவர்களுக்கு அந்த ஊர் பதில் சொல்லிவிட்டது.

கேழ்வரகு சொல்வது

கொள்முதல் என்றாலே ஊழலைப் பற்றி மட்டும் பேசுவதும் சரியில்லை. அரசு எங்கே, யாரிடம், எப்போது வாங்குகிறது என்பது ஒரு வட்டாரத்தின் வாழ்வையே மாற்றும். தருமபுரியின் மானாவாரி நிலத்தில் விளையும் கேழ்வரகை 2022-23 பருவத்தில் அரசு நேரடியாக வாங்கத் தொடங்கியது. குவிண்டாலுக்கு 3,578 ரூபாய் என்பது அந்த ஆண்டின் ஆதரவு விலை. 2023 மே மாதம் முதல் தருமபுரி, நீலகிரி மாவட்டங்களின் ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கும் திட்டமும் வந்தது. தருமபுரி விவசாயியிடம் வாங்கி, தருமபுரிக் குடும்பத்தின் களிக்கும் கூழுக்கும் கொடுப்பது என்பது கொள்முதலின் மிக அழகான வடிவம்.

ஆனால், இந்த அழகு நிலைக்க வேண்டுமென்றால் சின்னச் சின்னக் கேள்விகளுக்குச் சரியான நேரத்தில் பதில் வேண்டும். பென்னாகரத்தில் கதிர் எப்போது அறுவடைக்கு வருகிறது? கொள்முதல் நிலையம் அதற்கு முன்பே திறக்கிறதா, வியாபாரி களத்திலேயே வாங்கிக்கொண்டு போன பிறகா? ஈரப்பதம் பார்க்கும் கருவியும் சாக்கும் தயாரா? அரூர்ப் பக்கத்து விவசாயி மூட்டையை எவ்வளவு தூரம் ஏற்றிவர வேண்டும்? இவற்றுக்குச் சென்னையிலிருந்து பதில் வராது. களத்தில் நிற்பவரைக் கேட்டால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

தருமபுரிக்கு ஒரு குழு

ஆகவே, மாவட்டக் கொள்முதல் ஆலோசனைக் குழு ஒன்றைத் தருமபுரியிலிருந்து தொடங்கலாம். மாவட்ட நிர்வாகமும் அதன் கீழுள்ள ஊரக வளர்ச்சி, கல்வி, சுகாதார அலுவலகங்களும் குறிப்பிட்ட தொகைக்கு மேல் வாங்கும் எந்தப் பொருளும் இந்தக் குழுவின் பார்வைக்கு வர வேண்டும். பத்து ஒன்றியங்களிலிருந்து சுழற்சி முறையில் இன்னாள் அல்லது முன்னாள் ஊராட்சித் தலைவர்கள் சிலர், ரசீது எழுதும் ஊராட்சிச் செயலர் ஒருவர், மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டமைப்பிலிருந்து இருவர், அரசு மருத்துவமனை மருந்தாளுநர், பள்ளித் தலைமையாசிரியர், ஓய்வுபெற்ற பொறியாளர், அரசுக் கல்லூரி வணிகவியல் ஆசிரியர், சிறு விவசாயி என்று பதினைந்து பேருக்கு மிகாமல் இருக்கட்டும். சித்தேரி, வத்தல்மலை போன்ற மலைப் பகுதியிலிருந்து ஒருவர் கட்டாயம் வேண்டும். தேர்தலின்போது வாக்குப்பதிவு இயந்திரங்கள் கழுதை முதுகில் ஏறிய கோட்டூர்மலையும் இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. மாவட்டத் தலைநகரில் இறக்கிவைக்கும் விலை வேறு, மலைமேல் சேர்க்கும் விலை வேறு என்பது அங்கே இருப்பவருக்குத்தான் உறைக்கும்.

குழுவுக்கு இரண்டே வேலைகள். முதலாவது, வாங்கும் முன். நிதியாண்டின் தொடக்கத்தில், அந்த ஆண்டு வாங்கப்போகும் பொருள்களின் பட்டியலை அலுவலகங்கள் குழுவிடம் தர வேண்டும். கையிருப்பு எவ்வளவு, போன முறை என்ன விலை, கூட்டுறவு நிறுவனத்திலோ அரசு நிறுவனத்திலோ கிடைக்குமா, தர வரையறை ஒரே நிறுவனத்தை மனதில் வைத்து எழுதப்பட்டிருக்கிறதா என்ற கேள்விகளைக் குழு எழுத்தில் கேட்கும். இரண்டாவது, வாங்கிய பின். குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த சில ஊராட்சிகளுக்கும் பள்ளிகளுக்கும் போய், பொருள் வந்ததா, பயன்படுகிறதா என்று பார்த்து அறிக்கை தரும். இறுதிப் பில் அதற்குப் பிறகுதான். நடுவில் நடக்கும் டெண்டர் மதிப்பீட்டில் குழு தலையிடக் கூடாது. அங்கே ரகசியம் காப்பது சட்டத்தின் தேவை, அது சரியானதும்கூட.

இந்தக் குழுவுக்கு அதிகாரம் இருக்காது. ஆனால், அதன் கேள்விக்கு அலுவலர் எழுத்தில் பதில் சொல்லியே ஆக வேண்டும். ஆலோசனையை ஏற்காவிட்டால் ஏன் ஏற்கவில்லை என்று காரணம் எழுத வேண்டும். கேள்வியும் பதிலும் மாவட்ட இணையதளத்திலும் ஊராட்சித் தகவல் பலகையிலும் தமிழில் வெளியாக வேண்டும். அடுத்த கிராம சபையில் வாசிக்கப்பட வேண்டும். இந்த ஒரு விதி இல்லையென்றால், இதுவும் தீர்மானப் புத்தகத்துக் குழுவாகிவிடும்.

மறுப்புகளுக்குப் பதில்

காலதாமதம் ஆகும் என்பார்கள். குழுவுக்கு 15 நாள் கெடு வைக்கலாம். அதற்குள் கருத்து வராவிட்டால் அலுவலகம் தன் வழியில் போகலாம். வெள்ளம், தொற்றுநோய் போன்ற அவசரங்களில் வாங்கிய பிறகு பரிசீலனை போதும். ஆனால், அது கட்டாயம் நடக்க வேண்டும்.

கட்சிக்காரர்களின் கூடாரமாகிவிடும் என்பார்கள். உண்மையான பயம். தாமோ தம் நெருங்கிய உறவினரோ அரசுக்குப் பொருள் கொடுத்தாலோ ஒப்பந்தம் எடுத்தாலோ, அவர் உறுப்பினராகக் கூடாது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். ஆட்சியர் தலைவராக இருக்கக் கூடாது; கேள்விக்குப் பதில் சொல்பவரே கேள்வி கேட்கும் நாற்காலியில் உட்கார்வது முறையாகாது. வேலையை விட்டுவிட்டு வருகிற பெண்ணுக்கும் விவசாயிக்கும் பயணப்படியும் அன்றைய கூலியும் தர வேண்டும். இல்லையென்றால், வசதியுள்ளவர்கள் மட்டுமே வந்து உட்காருவார்கள்.

மொத்தமாக வாங்கினால்தான் மலிவு, ஆளாளுக்குக் கருத்துக் கேட்டால் அது கெட்டுப்போகும் என்பார்கள். மருத்துவப் பணிகள் கழகத்தின் பாஸ்புக் இதற்குப் பதில். விலையை மொத்தமாகப் பேசலாம். அளவைப் பயன்படுத்துபவரிடம் விடலாம். முன்னூறு வீடுள்ள மலை ஊராட்சிக்கும் மூவாயிரம் வீடுள்ள ஊராட்சிக்கும் ஒரே கணக்கில் பொருள் அனுப்புவதில் என்ன சிக்கனம் இருக்கிறது?

இப்போது ஏன்?

2025 ஜனவரியில் தருமபுரி உள்ளிட்ட மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சிப் பதவிக்காலம் முடிந்து, ஊராட்சிகள் மீண்டும் தனி அலுவலர்களின் கைக்குப் போயின. ரசீது புத்தக வழக்கின் பின்னணியில் இருந்த அதே வெற்றிடம் இது. உள்ளாட்சித் தேர்தல்களை உரிய காலத்தில் நடத்துவதுதான் இதற்கு முதல் மருந்து. தேர்தல் வரும்வரையும் குடிநீர் மோட்டார் வாங்க வேண்டியிருக்கும், தெருவிளக்கு வாங்க வேண்டியிருக்கும். தனி அலுவலர் காலத்தில்தான் ஆலோசனைக் குழு மிக அதிகமாகத் தேவைப்படுகிறது. இதற்குப் புதிய சட்டம் இயற்றும்வரை காத்திருக்கவும் வேண்டாம். ஓர் அரசாணை போதும். தருமபுரியில் ஈராண்டு நடத்திப் பார்த்துவிட்டு, குறைகளைக் களைந்து மற்ற மாவட்டங்களுக்குக் கொண்டுபோகலாம்.

1998-ல் வெளிப்படைத்தன்மைக்குச் சட்டம் தந்த மாநிலம் இது. டெண்டர் உறையை எல்லோர் முன்னிலையிலும் பிரிக்க வேண்டும் என்று அன்று சொன்னோம். அந்த உறைக்குள் எதைக் கேட்டு எழுதியிருக்கிறோம் என்பதையும் எல்லோர் முன்னிலையிலும் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது. காரிமங்கலத்திலோ கடத்தூரிலோ ஓர் ஊராட்சிச் செயலர் எழுந்து நின்று, “எங்கள் ஊரில் ஆயிரம் வீடுதான் இருக்கிறது, இத்தனை புத்தகம் எதற்கு?” என்று கேட்டு, அந்தக் கேள்வி பதிவாகி, அதற்கு எழுத்தில் பதில் வரும் நாளில், லஞ்ச ஒழிப்புத் துறைக்கு ஒரு வழக்கு குறையும். அந்த ஊருக்கு 52,000 ரூபாய் மிஞ்சும்.